வேலூர் வீட்டுக்கு எந்தப் புகை அலாரம் வாங்கலாம்?

2022 மார்ச் மாதம் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஸ்கூட்டரைப் பற்றித்தான் பேசினோம். எந்தக் கம்பெனி, என்ன பேட்டரி, எத்தனை மணி நேரம் சார்ஜ் போடலாம் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு ஓடியது. நடுராத்திரியில் புகை வந்தால் தூங்குகிறவர்களை எழுப்ப நம் வீடுகளில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்றும் இல்லை என்பதுதான் பதில்.

புகை நாற்றம் வந்தால் தானாக விழிப்பு வந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அப்படி நம்பிக்கொண்டு படுக்காதீர்கள். தூக்கத்தில் மூக்கு நம்பத்தக்க காவல் இல்லை. போதாக்குறைக்கு, புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்தை மயக்கமாக்கிவிடும். காது மட்டும்தான் ஓரளவு விழித்திருக்கும். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2004 இல் வெளியிட்ட சோதனை முடிவுகளைப் பார்த்தால் அவசரம் புரியும். கொழுந்துவிட்டு எரியும் தீயில், 1970களின் சோதனைகளில் வீட்டை விட்டு வெளியேற 17 நிமிடம் போல கிடைத்தது. புதிய சோதனையில் கிடைத்தது 3 நிமிடம் போலத்தான். ஃபோம் மெத்தை, சோபா, செயற்கை இழைத் துணிகள் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டதுதான் முக்கியக் காரணம். நம் வீடுகளிலும் இலவம்பஞ்சு மெத்தை போய் ஃபோம் மெத்தை வந்துவிட்டது.

சரி, வாங்குவோம் என்று உட்கார்ந்தால் கடையிலும் இணையத்திலும் தலை சுற்றும் அளவுக்கு வகைகள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று அடித்தால் எல்லாமே சேர்ந்து அடிக்கும்படி தங்களுக்குள் இணைந்த, புகையை ஒளியால் கண்டுகொள்ளும் போட்டோஎலக்ட்ரிக் அலாரங்கள்தான் வேலூர் வீடுகளுக்குச் சரி. மற்ற வசதிகளுக்குச் செலவு செய்வதற்கு முன் அந்த இணைப்புக்குச் செலவு செய்யுங்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தீயணைப்பான் சிலிண்டர் நிரப்பித் தரும் கடைகளில் "ஸ்மோக் டிடெக்டர்" என்று கேட்டால் வெள்ளையாக, வட்டமாக ஒன்றை எடுத்துத் தருவார்கள். விலையும் மலிவாக இருக்கும். அது பெரும்பாலும் அலுவலகம், ஆஸ்பத்திரி, லாட்ஜ் போன்ற இடங்களுக்கானது. 24 வோல்ட் ஒயர் வழியாக ஒரு கண்ட்ரோல் பேனலோடு சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். அதற்குள் பேட்டரியும் கிடையாது, ஒலிப்பானும் கிடையாது. வீட்டு ஹாலில் அதைத் திருகி வைத்தால் புகை வந்தாலும் வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கும். பேட்டரி, சென்சார், சைரன் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறதா, டெஸ்ட் பட்டன் இருக்கிறதா, அதை அழுத்தினால் அடிக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். பெட்டியின் மேல் யூ.எல். 217 அல்லது ஈ.என். 14604 என்ற தரக்குறியீடு இருக்க வேண்டும். வீட்டு அலாரங்களுக்கென்றே எழுதப்பட்ட தரங்கள் இவை. சத்தம் 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் இருக்க வேண்டும்.

அடுத்தது சென்சார். அயனைசேஷன் வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியூண்டு இருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயின் நுண்ணிய புகையை அது வேகமாகப் பிடிக்கும். போட்டோஎலக்ட்ரிக் வகையில் இருட்டறை போன்ற ஒரு சிறு கூட்டுக்குள் ஒளி பாய்ந்துகொண்டிருக்கும். புகைத்துகள் உள்ளே வந்து ஒளியைச் சிதறடித்தால் சென்சார் கண்டுகொள்ளும். கனன்று கனன்று புகையும் தீயை இது பல நிமிடங்கள் முன்னாலேயே பிடித்துவிடும்.

நம் வீட்டில் ராத்திரித் தீ எப்படித் தொடங்கும் என்று யோசித்தால் இதில் எது வேண்டும் என்பது தெரிந்துவிடும். கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள் புகைகிறது. தொங்கும் போர்வையின் நுனி அதன்மேல் படுகிறது. சுடரே இல்லாமல், சிவந்த விளிம்பு துணியை மெல்லத் தின்றுகொண்டே மெத்தைக்கு ஏறும். மெத்தைக்குள் போன பிறகும் வெகுநேரம் சுடர் வராது, புகைதான் வரும். சூடேறிய பிளக், தளர்ந்த ஒயர் முனை, சுவிட்ச் போர்டுக்குள் கருகும் பிளாஸ்டிக் எல்லாம் இதே மாதிரிதான். தூங்குகிறவர்களுக்கு ஆபத்து இந்தப் புகைச்சல்தான். அதனால் போட்டோஎலக்ட்ரிக். தாளிப்பு, தோசைக்கல் புகை போன்றவற்றுக்கு வீணாக அலறுவதிலும் அயனைசேஷன் வகைதான் முன்னால் நிற்கும். அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள் வேறு. ஆயுள் முடிந்ததும் குப்பையில் தூக்கிப் போடக்கூடாது. இரண்டு சென்சாரும் உள்ள இரட்டை வகை கிடைத்தால் தப்பில்லை, ஆனால் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போட்டால் போட்டோஎலக்ட்ரிக் அலாரம் அடிக்கத்தான் செய்யும். தீப்பிடித்த புகைக்கும் சாமி புகைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பூஜை அறை வாசலிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி வையுங்கள். கொஞ்ச நேரம் வாயடைக்கும் ஹஷ் பட்டன் உள்ள மாடலாக வாங்குங்கள். பத்து நிமிடம் போல அமைதியாக இருந்துவிட்டுத் தானாகவே மறுபடி காவலுக்கு வந்துவிடும். ஊதுபத்தி ஒன்றிரண்டுக்கு அது பொதுவாக அசையாது. போகி அன்று காலையில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள். இந்தத் தொல்லைக்காகப் பேட்டரியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டால் எல்லாம் வீண். உலகம் முழுக்கவே அலாரம் இருந்தும் அடிக்காமல் போன வீடுகளில் பேட்டரி கழற்றப்பட்டிருப்பது பெரிய காரணம்.

சமையலறைக்கு என்ன?

சமையலறைக்குள் புகை அலாரம் வேண்டவே வேண்டாம். மிளகாய் வறுத்தால் அடிக்கும், அப்பளம் பொரித்தால் அடிக்கும், ஒரு வாரத்தில் வீட்டிலுள்ளவர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள். அங்கே இரண்டு தேர்வுகள் உண்டு: ஹீட் அலாரம், கேஸ் லீக் டிடெக்டர். இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

ஹீட் அலாரம் புகையைக் கண்டுகொள்ளாது. சுற்றியுள்ள காற்று 57, 58 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அடிக்கும். தாளிப்புப் புகையால் தொல்லை இருக்காது. ஆனால் மாடி சமையலறையாக இருந்து, கூரை ஆஸ்பெஸ்டாஸோ தகரமோ என்றால் மே மாதத்து மத்தியானத்தில் ஷீட்டுக்கு அடியில் காற்றே அந்தச் சூட்டை எட்டிப் பார்க்கும். அங்கே இது சரிவராது. கான்கிரீட் கூரை போட்ட கீழ்த்தளச் சமையலறையில் நன்றாக நிற்கும்.

கேஸ் லீக் டிடெக்டரை மேலே மாட்டுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும். ஆகவே தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சிலிண்டர் இருக்கும் பக்கம், தண்ணீர் தெறிக்காத இடத்தில் மாட்ட வேண்டும். இது மின்சாரத்தில் ஓடும் கருவி என்பதால் இன்வெர்ட்டர் லைனில் சேர்ப்பது நல்லது. அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், எக்ஸாஸ்ட் ஃபேனைக்கூடப் போடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எரிவாயு அவசர எண்ணை அழையுங்கள்.

குளியலறையில் கேஸ் கீசர் இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அடைத்த குளியலறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. புகை அலாரமும் அதைப் பிடிக்காது, கேஸ் லீக் டிடெக்டரும் பிடிக்காது. அதற்கென்று தனி அலாரம் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், அலாரம் வாங்குவதைவிட அந்தக் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுவதுதான் முதல் வேலை.

தனி அலாரமா, இணைந்த அலாரமா?

முன்பெல்லாம் கோடையில் எல்லோரும் மொட்டை மாடியிலோ கூடத்திலோ ஒன்றாகப் படுத்தோம். கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும். ஒருவர் இருமினால் பத்துப் பேருக்குக் கேட்கும். இன்றைக்கு வேலூர் வெயிலுக்கு நடுத்தரக் குடும்பங்களிலும் ஏசி வந்துவிட்டது. ஏசி ஓடினால் கதவைச் சாத்த வேண்டும். பலர் கதவிடுக்கில் துணிகூட வைக்கிறார்கள். மேலே ஃபேனும் ஓடும். ஹாலில் நடப்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

அலாரம் வாங்கியதும் இதை ஒரு முறை செய்து பாருங்கள். ஹாலில் ஒருவர் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஏசியையும் ஃபேனையும் போட்டு, தலையணையில் ஒரு காதை வைத்துப் படுத்துக் கேளுங்கள். எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் அப்படிக் கேட்டபோது, தெருக்கோடியில் யாரோ வண்டி ரிவர்ஸ் எடுப்பது போலத்தான் இருந்தது. விழித்திருக்கும்போதே அப்படி என்றால் அசந்து தூங்கும் பிள்ளைக்கு என்ன கேட்கும்? பொதுவான அலாரங்களின் கீச்சொலி 3000 ஹெர்ட்ஸை ஒட்டியது. வயதானவர்களுக்கு முதலில் மங்குவது அந்த உயர்ந்த சுருதிதான். சின்னப் பிள்ளைகளும் அந்தச் சத்தத்தில் எழாமல் தூங்குவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த சுருதி அலாரம் இவர்களுக்கு இன்னும் நல்லது, கிடைத்தால் விடாதீர்கள்.

ஆக, ஹாலில் ஒற்றை அலாரம் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று வேண்டும் என்பது அமெரிக்கத் தீப் பாதுகாப்பு வழிகாட்டுதலும்கூட: ஒவ்வொரு படுக்கையறைக்கும் உள்ளே, அவற்றுக்கு வெளியே, ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று. அவை தனித்தனியாக இருந்தால் புகை அந்த அறைக்குள் நுழைந்த பிறகுதான் அங்குள்ளது அடிக்கும். சாத்திய கதவு புகையைச் சில நிமிடம் தடுக்கும், அது நல்லதுதான். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் ஹாலும் படிக்கட்டும் போய்விட்டிருக்கும். கதவைத் திறந்தால் வெளியே வர வழி இருக்காது. இணைந்த அலாரங்களில் கீழே ஹாலில் புகை எழுந்த உடனே மாடி அறையில் தலைமாட்டுக்கு மேலே இருப்பது அலறும். வழி இன்னும் திறந்திருக்கும்போதே எழுந்துவிடுவீர்கள். 3 நிமிடக் கணக்கில் இதைவிடப் பெரிய லாபம் வேறெதிலும் இல்லை.

இணைப்பு இரண்டு வகை. ஒன்று ஒயர் மூலம். புது வீடு கட்டுகிறவர்கள், கான்சீல்டு பைப் ஓடும்போதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒவ்வொரு படுக்கையறைக் கூரைக்கும் ஒரு பாயின்ட், அலாரங்களுக்கிடையே ஒரு தனி ஒயர் இழுத்துவிடுங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடி, கரண்ட் போனால் உள்பேட்டரியில் தொடரும் வகையை அதில் மாட்டலாம். தினமும் எரியும் ஹால் லைட்டின் லைனிலேயே சேருங்கள். பிரேக்கர் விழுந்தால் லைட் எரியாது, உடனே தெரிந்துவிடும். இதைவிட நம்பகமானது கிடையாது. கட்டி முடித்த வீட்டில் இதற்காகச் சுவரை உடைப்பது வேண்டாத வேலை.

கட்டிய வீட்டுக்கு ரேடியோ அலையில் இணையும் பேட்டரி அலாரம். இணையமோ மொபைலோ தேவையில்லை, தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். கான்கிரீட் தளமும் தடித்த செங்கல் சுவரும் அலையைக் குறைக்கும் என்பதால், கூரையில் துளை போடுவதற்கு முன் அந்தந்த இடத்தில் கையால் பிடித்துக்கொண்டு ஒன்றை அழுத்தி மற்றவை அடிக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். தொல்லையும் இல்லாமல் இல்லை. சாம்பிராணிக்கு ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும். எது முதலில் அடித்ததோ அதன் பட்டனை அழுத்தினால்தான் அடங்கும்.

வைஃபை அலாரத்தைப் பலர் கேட்கிறார்கள். பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் பிள்ளைகள், ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கித் தர விரும்புகிறார்கள். மொபைலுக்குச் செய்தி வரும். யாரும் இல்லாத வீட்டுக்கு அது நல்ல வசதி. ஆனால் தூங்குகிறவரை எழுப்புவது அந்தச் செய்தி இல்லை, வீட்டுக்குள் அடிக்கும் சத்தம்தான். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் செய்தியும் நின்றுவிடும். ஆகவே ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருக்கட்டும். செயலியை நம்பும் பொருளுக்குக் கம்பெனியின் ஆயுளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பெயர் பெற்ற கூகுள் நெஸ்ட் ப்ரொடெக்டின் தயாரிப்பையே 2025 இல் நிறுத்திவிட்டார்கள். இணைப்பும் வைஃபையும் இரண்டும் உள்ளது வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் இணைப்பு.

வெளிநாட்டு உறவினர் பெட்டியில் கொண்டுவரும் அலாரத்தையும் சோதித்துப் பாருங்கள். அமெரிக்காவில் வீட்டு ஒயரில் சேர்க்கும் வகை 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் கொடுத்தால் கருகிவிடும். பேட்டரியில் மட்டும் ஓடுவது என்றால் பிரச்சினையில்லை.

வெயிலும் கூரையும்

இது வேலூர்க்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய பகுதி. கத்திரி வெயிலில் இங்கே நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். அலாரத்தோடு வரும் தாளில் எந்த வெப்பநிலைக்கு அது உத்தரவாதம் என்று போட்டிருப்பார்கள். அமெரிக்க மாடல்கள் பலவற்றில் 4 முதல் 38 டிகிரி வரை, ஐரோப்பிய மாடல்கள் பலவற்றில் 0 முதல் 40 வரை. மேல் வரம்பு 50, 55 என்று போட்ட மாடல்களும் உண்டு. ஒரே விலையில் இரண்டு இருந்தால் மேல் வரம்பு அதிகமுள்ளதை எடுங்கள். வரம்பைத் தாண்டினால் உடனே கெட்டுவிடும் என்று அர்த்தமில்லை. பேட்டரி சீக்கிரம் தளரும், காரணமில்லாமல் அடிக்கும் வாய்ப்பும் கூடும்.

இன்னொன்று, பகலெல்லாம் காய்ந்த மேல்தளக் கூரை ராத்திரி வெகுநேரம் வரை சூட்டைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். கூரையை ஒட்டி ஒரு சூடான காற்றடுக்கு நின்றுவிடும். தொடக்கத்தில் வரும் மெல்லிய புகைக்கு அதைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் சூடு இருக்காது. கொஞ்சம் கீழேயே பரவி நிற்கும். அதனால் மேல்தள அறையிலும் ஷீட் போட்ட அறையிலும் கூரையில் மாட்டாமல், வெயில் படாத உள்சுவரில், கூரையிலிருந்து 10 முதல் 30 சென்டிமீட்டர் கீழே மாட்டுங்கள். கீழ்த்தள அறைகளில் கூரையே நல்லது.

கூரையில் மாட்டும்போது ஃபேன்தான் குறுக்கே வரும். இறக்கை நுனியிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் காற்று புகையை அடித்துத் தள்ளிவிடும். 10க்கு 10 அறையில் நடுவில் 48 அங்குல ஃபேன் மாட்டினால் இறக்கை நுனிக்கும் சுவருக்கும் மிச்சமே 90 சென்டிமீட்டர்தான். அப்போது மூலையை நோக்கிப் போங்கள். இரண்டு சுவர்களிலிருந்தும் ஒன்றரை அடி தள்ளி, மூலைக்குப் போகும் குறுக்குக் கோட்டில் வைத்தால் ஃபேனிலிருந்தும் தூரம் கிடைக்கும், காற்று அசையாத மூலையிலும் சிக்காது. ஏசி காற்று நேராக வீசும் இடமும், வெந்நீர் ஆவி வரும் குளியலறை வாசலும் வேண்டாம்.

கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மரக்கட்டைகளுக்கு மேலே செங்கல் பாவிய கூரை அது. அங்கே கட்டையின் அடிப்பக்கத்திலேயே மர ஸ்க்ரூ போட்டு மாட்டலாம், ராவல் பிளக்கே வேண்டாம். செங்கல் இடுக்கில் ட்ரில் போட்டால் சுண்ணாம்பு கொட்டும், பிடிப்பும் இருக்காது. கான்கிரீட் கூரை என்றால் ஃபேன் ஹூக்கிலிருந்து சுவிட்ச் போர்டு சுவர் வரை பைப் உள்ளே ஓடுகிறது என்பதை நினைவில் வைத்து அந்தக் கோட்டைத் தவிர்த்துத் துளை போடுங்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் அதற்கான பிளக் தனியாக இருக்கிறது. வாடகை வீடு என்று இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினால் நம் வெயிலுக்குப் பசை இளகிக் கீழே விழும். வீட்டுக்காரரிடம் பேசி இரண்டு சின்னத் துளைக்கு அனுமதி வாங்கிவிடுங்கள்.

மாடிப்படி தனிக் கவனம் கேட்கிறது. கீழே எரிந்தால் புகை நேராகப் படி வழியாகத்தான் மேலே ஏறும். மேலே, மொட்டை மாடிக்குப் போகும் ஹெட் ரூமில் கதவு சாத்தியிருந்தால் அங்கிருந்து நிரம்பிக்கொண்டே கீழே இறங்கும். ஹெட் ரூம் கூரை அடுப்பு மாதிரி காய்வதால் அங்கே மாட்டாமல், அதற்கு ஒரு திருப்பம் கீழே, உள்சுவரில் ஒன்று மாட்டுங்கள். இ-ஸ்கூட்டரைப் படிக்கட்டுக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் நொடிகளில் அடர்ந்த நச்சுப் புகை வரும். வெளியேறும் ஒரே வழியில் அது நடந்தால் எந்த அலாரமும் போதாது. சுவருக்கு வெளியே, போர்டிகோவின் வாசல் பக்கம் ஒரு சார்ஜிங் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் பணத்துக்கு

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வயதானவரோ பிள்ளைகளோ படுக்கும் அறைக் கதவுக்கு வெளியே மாட்டி, ராத்திரியில் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கலாம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் சாத்திய கதவு தரும் பாதுகாப்பு போய்விடும். இரண்டு இணைந்தவை வாங்கும் வரை பொறுத்து, ஹாலில் ஒன்று, அந்த அறைக்குள் ஒன்று என்று மாட்டுவதே என் யோசனை. இரண்டு படுக்கையறை உள்ள தனித்தள வீட்டுக்கு மூன்று இணைந்த அலாரம், சமையலறைக்குக் கேஸ் டிடெக்டர். மாடி வீட்டுக்குப் படிக்கட்டுக்கும் சேர்த்து ஐந்து வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை, ஆனால் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருக்க வேண்டும். வேறு கம்பெனிப் பொருட்கள் பொதுவாக ஒன்றோடொன்று இணையாது.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றுகிறார்கள், தீப்பெட்டி வேலை செய்கிறார்கள். ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கும் வீடுகளில் ஒட்டும் சொல்யூஷன் டப்பா இருக்கும். காய்ந்த இலை, குச்சி, சொல்யூஷன் ஆவி எல்லாம் புகைந்துகொண்டிருக்காது, குபீரென்று பிடிக்கும். இந்த வீடுகளுக்கு இரட்டை சென்சார் அலாரத்தைத் தேடி வாங்குவது பொருத்தம். அதைவிட முக்கியம், சரக்கு இருக்கும் அறையில் படுக்காமல் இருப்பது.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வெளியூர் நோயாளிகள் சமைத்துச் சாப்பிட்டுத் தங்கும் அறைகளை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆபரேஷன் முடிந்து எழுந்து நடக்க முடியாதவர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். அடுப்பு எரியும் அறைக்குள் ஹீட் அலாரம், நடைபாதையில் புகை அலாரம், எல்லாம் இணைந்ததாக வையுங்கள். அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று வங்காளத்திலும் இந்தியிலும் சேர்த்து எழுதி ஒட்டுங்கள்.

பேட்டரியில் 10 ஆண்டு சீல் வைத்த லித்தியம் வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். டிவி ரிமோட்டுக்கு என்று யாரும் கழற்ற முடியாது. 9 வோல்ட் மாற்றும் வகை என்றால் ஆல்கலைன் பேட்டரிதான் போட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை "டிக்" என்று கத்தினால் பேட்டரி தீர்கிறது என்று பொருள்.

அலாரம் அடித்த பிறகு கிரில் கேட் பூட்டின் சாவியைத் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. நம் வீடுகளில் ஜன்னலெல்லாம் கம்பி, வாசலில் கிரில், அதில் பூட்டு. சாவி பீரோவுக்குள் இருந்தால் அந்த 3 நிமிடம் அதிலேயே போய்விடும். கிரில்லுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத உயரத்தில் ஓர் ஆணி அடித்து அங்கேதான் சாவி என்று வீட்டில் எல்லோருக்கும், விருந்தாளிகளுக்கும் சொல்லிவிடுங்கள். வெளியே வந்த பிறகு 101 அல்லது 112.

டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்த வேண்டும். அமாவாசைக்கு வீடு கழுவும் வழக்கமுள்ளவர்கள் அன்றைக்கே ஒட்டடைக் கம்பின் அடிக்கட்டையால் அழுத்திவிடலாம். கொசுவர்த்தியைக் காட்டிச் சோதிக்காதீர்கள், உள்ளே பிசுக்கு படியும். மழை பெய்து ஈசல் பறந்த மறுநாள் வலைக்குள் இறகு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, வேலை முடிந்த அன்று ராத்திரிக்குள் எடுத்துவிட வேண்டும். பெயின்ட் அதன்மேல் படவே கூடாது. தயாரித்த தேதி பின்பக்கம் அச்சாகியிருக்கும். மாட்டும்போது அதைப் பக்கவாட்டிலும் மார்க்கரால் எழுதி வையுங்கள். 10 ஆண்டு ஆனதும் நன்றாக அடித்தாலும் மாற்றிவிட வேண்டும்.